மாடி அறைச் சாமான்கள்

ஜூன் 3, திங்கள்

இதை எழுதச் சொன்னது ரெஜினா மேடம். குடும்ப ஆலோசனை மையத்தில் முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சோலைமலை சார், கோபம் வர்றப்ப வாயைத் திறக்காதீங்க, நோட்டைத் திறங்க. தேதி போட்டு எழுதுங்க" என்றார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்! லேத் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக இரும்பு கடைகிறவன் நான். நோட்டில் எழுதினால் தீருகிற கோபமா என்னுடையது?

சரி, எழுதுகிறேன். என் மனைவி இந்திராணி வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருபத்தாறு நாள். அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். மாடி அறையில் அவள் துணியில் ஆரிப் பூவேலை செய்கிற மரச்சட்டம் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதுதான் காரணம். ஒரு மரச்சட்டம் விழுந்ததற்கு ஒரு பெண் வீட்டை விட்டுப் போவாளா? விருதுநகரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. மூன்று தோசையும் கல்லில் ஒட்டிக்கொண்டன. தோசைக்கல்லை அப்படியே குழாயடியில் எறிந்தேன்.

ஜூன் 8, சனி

பழைய சாமான் எடுக்கிறவரை வரச் சொன்னேன். மாடி அறையைக் காலி செய்துவிடலாம் என்று முடிவு. அவளுக்கு வேண்டாத வீட்டில் அவள் குப்பை மட்டும் எதற்கு?

எத்தனை டப்பா! பாசிமணி ஒரு அலமாரி நிறைய. சமிக்கி, லேஸ், கண்ணாடிச் சில், கல் வைத்த பொட்டுத் தட்டுகள். பட்டு நூல் மட்டும் நூற்றுக்கணக்கான கண்டு. பிளாஸ்டிக் வளையல் கட்டுக் கட்டாக. கம்பளி நூல் உருண்டைகள். உறி பின்னுகிற வெள்ளைப் பருத்திக் கயிறு இரண்டு பெரிய சுருள். எல்லா டப்பாவிலும் அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. நான் படிக்கவில்லை.

வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அண்ணாச்சி, இரும்பு, பேப்பர்னா சொல்லுங்க. பாசிய எடுத்து நான் என்ன செய்ய?"

படியிறங்கும்போது அவள் வைத்திருந்த மணிப்பிளான்ட் தொட்டியில் கால் இடித்தது. அந்த ஆத்திரத்தில் வெள்ளைக் கயிற்றை ஓர் ஆள் நீளம் வெட்டி, நாலு முடிச்சுப் போட்டு, தொட்டியைத் தூக்கி ஜன்னல் கம்பியில் கட்டினேன். இனி யார் காலிலும் இடிக்காது.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து மாலை வரை வேலை. பட்டறை டிரில்லை எடுத்து வந்திருந்தேன். பிளாஸ்டிக் வளையல்களில் துளை போட்டு, கட்டுக்கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துச் சுவர் உயரத்துக்கு ஒரு வலை செய்தேன். சங்குப்பூக் கொடியை அதில் ஏற்றிவிட்டேன். உடைந்த மரச்சட்டத்தின் கால்கள் படிக்கு அடியில் கிடந்தன. அறுத்து, ஆணி அடித்து, மூன்று தட்டுள்ள தொட்டி ஸ்டாண்டு ஆக்கினேன்.

பக்கத்து வீட்டுச் சகாயமேரி அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "அடேயப்பா, யாரு செஞ்சது, இந்திராணியா? வந்துட்டாளா?"

"நான்தான் செஞ்சேன்."

"நீயா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் அந்தக் கால்களையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அவர் மகள் ஜெனிதாவும் மாடிக்கு வந்து இந்திராணியிடம் ஆரி வேலை படித்தவள்தான். இப்போது என்னைத் தெருவில் கண்டால் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறாள். நான் என்ன புலியா?

மதுரையில் நர்ஸிங் படிக்கிற மகள் மோனிஷா போன் செய்தாள். சாப்பாடு பற்றிப் பேசினேன், மழை பற்றிப் பேசினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

"அப்பா, அம்மா கை எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"கைக்கு என்ன? நாலு தையல். ஆறியிருக்கும்."

"ஆறியிருக்கும்னு நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி?"

போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளை கேள்வி கேட்கிறது.

ஜூன் 12, புதன்

ஆலோசனை மையம். இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இந்திராணி எனக்கும் தனக்கும் நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். நான் போட்டிருந்த சட்டையில் இஸ்திரி இல்லை என்பதைப் பார்த்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மே எட்டாம் தேதி என்ன நடந்துச்சு? நீங்க சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

"மரச்சட்டம் விழுந்துருச்சு மேடம்."

"தானா விழுந்துச்சா?"

"கை பட்டு விழுந்துச்சு."

"யார் கை?"

இந்திராணி வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். ஆள்காட்டி விரல் நடுக் கணுவுக்கு மேல் மடங்காமல் நீட்டியபடியே நிற்கிறது. தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

வேண்டுமென்றே வைத்தாள். மேடம் பார்க்கட்டும் என்று வைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு பேச முடியாதா?

அடுத்த ஞாயிறு கழித்து வரும் ஞாயிறு, துணிமணியும் மாடிச் சாமானும் எடுக்க வருவதாக மேடத்திடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, சனி

வரட்டும். வந்து பார்க்கட்டும்.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. 'என் வேலையை நீங்க மதிக்கவே இல்ல' என்பதுதானே அவள் புலம்பல்? மாடி அறையில் டப்பா டப்பாவாகத் தூங்குகிற சாமானை எல்லாம் வீடு முழுக்கக் கொண்டுவந்துவிடுகிறேன். வாசலில் நுழைந்ததும் அவளுக்கு வாய் அடைக்க வேண்டும்.

இன்று: காலி பெயின்ட் டப்பாக்கள் ஒன்பதுக்குக் கம்பளி நூல் சுற்றிப் புதினாவும் துளசியும் வைத்தேன். கண்ணாடிச் சில்லை எல்லாம் குளூ கன்னால் குழாயடிச் சுவரில் ஒட்டினேன். வெயில் பட்டால் எதிர் வீட்டுச் சுவர் வரை வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஆடுகிறது.

கையைச் சுட்டுக்கொண்டேன். பாசி கோக்கத் தெரியாமல் மூன்று தடவை கொட்டினேன். ஒவ்வொரு தடவையும் தரையில் முட்டி போட்டுப் பொறுக்கினேன். இதைப் போய் ஒரு மனுஷி நாள் முழுக்கச் செய்கிறாள் என்றால், அவளுக்குப் பொறுமை இல்லை என்று நான் இனிமேல் சொல்ல முடியாது. இந்த வரியை மேடம் படிக்க வேண்டாம்.

ஜூன் 18, செவ்வாய்

பட்டு நூல் தீர்ந்தது. பதினொரு பாட்டிலுக்குச் சுற்றினேன்.

ஜூன் 22, சனி

எல்லாம் முடிந்தது. வாசல் நிலையில் பாசிமணித் தோரணம். கூடத்து விளக்கைச் சுற்றிலும் லேஸும் சமிக்கியும். மாடிப்படி நெடுக வெள்ளைக் கயிற்று உறிகளில் தொட்டிகள், மொத்தம் பதினேழு. எந்த முடிச்சும் அவிழாது. குறடு வைத்து இழுத்துக் கட்டியிருக்கிறேன். அவள் வருஷக்கணக்காக டப்பாவில் அடைத்து வைத்ததை நான் இரண்டே வாரத்தில் வேலைக்கு ஆக்கிவிட்டேன்.

நாளை வருகிறாள். அரைக் கிலோ பால்கோவா வாங்கி வைத்தேன். வந்து போகிறவர்களுக்கு வாங்குவதுதானே.

ஜூன் 23, ஞாயிறு

பத்து மணிக்குத் தம்பி குருசாமியோடு லோடு ஆட்டோவில் வந்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் நினைத்தபடி வாய் அடைத்துத்தான் போனாள். தோரணத்தைத் தொட்டுப் பார்த்தாள். படியைப் பார்த்தாள், பாட்டில்களைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்றேன்.

மாடிக்கு ஓடினாள். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. டப்பாக்களைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. கீழே வந்தபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"இத வாசிங்க."

"என்ன அது?"

"வாசிங்கன்னு சொல்றேன்ல!" இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குரல் அப்படி எழும்பி நான் கேட்டதில்லை.

வாசித்தேன். 'ஜெனிதா – முதல் ஜாக்கெட் – மாம்பழ மஞ்சள், அரக்கு.'

"ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு பிள்ளைக்குன்னு எடுத்து வச்சது. ஆறு பிள்ளைங்க. எந்த நூல், எந்தப் பாசி, எத்தன வளையல்னு அதுகளயே உக்கார வச்சுப் பொறுக்க விட்டேன். அதக் கொண்டுபோய் பிராந்தி பாட்டில்ல சுத்தியிருக்கீங்க!"

"கழுவின பாட்டில்தான். அழகாத்தான இருக்கு? உன் சாமானத்தான வச்சுருக்கேன், எவ சாமானையும் இல்லயே?"

"ஆமா, என் சாமான். என்னையக் கேட்டீங்களா?"

"உனக்காகத்தான்டி செஞ்சேன்! ரெண்டு வாரமா சோறு தண்ணி இல்லாம செஞ்சுருக்கேன். கையப் பாரு, கொப்புளத்தப் பாரு!"

"உங்க கொப்புளம் ஆறிரும்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. கையில் கிடைத்த புதினா டப்பாவை ஓங்கிவிட்டேன். குருசாமி, "அத்தான்!" என்று குறுக்கே வந்தான். இந்திராணி அவனை விலக்கினாள். ஓங்கிய கைக்கு முன்னால் வந்து நின்றாள். கொஞ்சமும் பின்வாங்கவில்லை.

"போடுங்க. அன்னிக்கு மாடியில இருந்து எறிஞ்சீங்க. இன்னிக்கு வீடு முழுக்கத் தொங்க விட்டுருக்கீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க. ரெண்டு தடவையும் நான் மனுஷியா இல்லயான்னே உங்க கண்ணுக்குத் தெரியல."

டப்பாவைக் கீழே வைத்தேன். மண் கொட்டியிருந்தது.

குருசாமி கத்தரிக்கோலைத் தேடி எடுத்து உறிகளை வெட்டப் போனான். "வெட்டாத" என்று தடுத்தாள். "வெட்டினா கயிறு வீணாப் போகும். கட்டினவங்க அவுக்கட்டும்."

அவளே ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அந்த விரல் மடங்காததால் கயிறு பிடிபடவில்லை. இடது கையால் முயன்றாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். குறடு வைத்து இழுத்த முடிச்சு அது. விட்டுவிட்டுத் துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். சுவருக்கு மேல் சகாயமேரி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 24, திங்கள்

பட்டறைக்குப் போகவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மே 8. எழுதிவிடுகிறேன்.

அன்று பட்டறையில் ஒரு ஷாஃப்டை அளவு தப்பிக் கடைந்துவிட்டேன். முதலாளி எல்லோர் முன்னாலும், "கண்ணு தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதான?" என்றார். நான் பதில் பேசவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் யாரும் இல்லை. மாடியில் சிரிப்புச் சத்தம். ஏழு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. என்னைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் படி ஏறினேன்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன். பிள்ளைகள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள். மரச்சட்டத்தைத் தூக்கினேன். பாதி பூ வேலை முடிந்த ஜாக்கெட் துணி அதில் இழுத்துக் கட்டியிருந்தது. வெளியே கொண்டுபோய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன். இந்திராணி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க, வேண்டாங்க" என்றாள். மூன்று தடவை சொன்னாள். அவள் விரல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் தள்ளினேன்.

அவள் ஏன் பிடியை விடவில்லை என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஏன் விடவில்லை?

ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனது சகாயமேரி அக்கா. நான் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

மூன்று நாளில் ஆறு உறி அவிழ்த்திருக்கிறேன். ஒரு முடிச்சுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. எந்த மடையன் இப்படிக் கட்டினான் என்று வாய்விட்டே திட்டினேன். பாட்டிலில் ஒட்டிய பட்டு நூலில் பாதி பிய்ந்துதான் வருகிறது. பசை போட்ட கண்ணாடிச் சில்லைச் சுரண்டினால் ரசம் உரிந்துவிடுகிறது. துளை போட்ட வளையல் இனி வளையல் ஆகாது.

ஜூன் 30, ஞாயிறு

பதினேழும் அவிழ்த்தாயிற்று. சுவர் மூளி. நகக்கண்ணில் ரத்தம்.

ஜூலை 3, புதன்

மேடம் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை சொன்னேன். விரலைப் பார்த்துத்தான் தள்ளினேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்திராணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்கு அது அன்னிக்கே தெரியும் மேடம்" என்றாள்.

"இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மேடம் அவளிடம் கேட்டார்.

"தம்பி வீட்ல எத்தன நாளைக்கு இருக்க முடியும்? அந்த வீட்டுல எனக்கும் பாதி இருக்கு. நான் மாடி ரூமுக்கு வர்றேன். அங்கயே சமைச்சுக்கிருவேன், அங்கயே கிளாஸ் எடுப்பேன். அவர் கீழ இருக்கட்டும். படி வெளியதான் இருக்கு. என்னையக் கேக்காம அவர் படி ஏறக் கூடாது."

"என் வீட்டுப் படியில ஏற நான் கேக்கணுமா?" என்று எழுந்துவிட்டேன்.

"கேக்கணும்" என்றாள்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

வந்துவிட்டாள். மோனிஷாவும் லீவு போட்டு வந்திருந்தாள். அவிழ்த்த கயிற்றையும் நூலையும் டப்பாக்களில் போட்டு வாசலில் அடுக்கி வைத்திருந்தேன். இந்திராணி திண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள்.

"இது அரக்கு, இது மெரூன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுருக்கீங்க."

"ரெண்டும் சிவப்புதான…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

கண்ணாடிச் சில் டப்பாவைத் திறந்தாள், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மூடித் தனியே தள்ளி வைத்தாள். வளையல் வலையைக் கொடியோடு விட்டுவிடச் சொன்னாள். "கொடி என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றாள், மோனிஷாவிடம்.

போகும்போது மோனிஷா என்னைக் குழாயடிக்குத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, கேக்காம ஒரே ஒரு தடவ மேல ஏறினீங்கன்னா நான் வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னையும் நீங்க பாக்க முடியாது."

இப்படியா அப்பனிடம் பேசுவது? கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது. "சரி" என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

கிளாஸ் ஆரம்பித்துவிட்டது. ஆறு பேரில் நாலு பேர்தான் வருகிறார்கள். மற்ற இருவரின் அம்மாக்கள் என்னால் அனுப்பவில்லையாம். சகாயமேரி அக்கா இதைச் சுவருக்கு மேல் நின்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஜெனிதா வருகிறாள். படியேறும்போது என் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறுகிறாள்.

இந்திராணி ஊசியை நடுவிரலால் பிடிக்கப் பழகுகிறாளாம். இதுவும் அக்கா சொன்னதுதான்.

ஜூலை 17, புதன்

மத்தியானம் அடுப்படிக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மேல் தொட்டி வால்வு அடைத்திருக்கும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படியில் நாலு எட்டு வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இறங்கி வந்து கீழே நின்றேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. சகாயமேரி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேர் பார்க்க, என் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து கூப்பிட்டேன்.

"இந்திராணி! தண்ணி வரல. வால்வப் பாக்கணும். மேல வரலாமா?"

மேலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"பிள்ளைங்க வேலையில இருக்கு. அரை மணி நேரம் ஆகும்."

அரை மணி நேரம் என்றாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோபம் வந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்தே இருந்தேன்.